ஃபிரிட்ஜுக்கு மேலே இருந்த சொட்டு மருந்து

போன பெப்ரவரியில் ஒரு விடியற்காலை எங்கள் ஐந்து மாத மகனுக்கு வலிப்பு வந்தது. காய்ச்சல் இல்லை. ஒரு கை துடித்தது, கண் ஒரு பக்கமாகச் செருகியது. 911க்கு அடித்தபோது வீட்டு விலாசம்கூட எனக்கு வாயில் வரவில்லை.

மூளையில்தான் ஏதோ என்று பயந்துபோயிருந்தோம். ஆனால் இரத்தத்தில் கல்சியம் 1.6 என்றார் டொக்டர். 2.2க்கு மேல் இருக்க வேண்டும். நாளம் வழியாக மெதுவாகக் கல்சியம் ஏற்றிய பிறகே அடங்கியது.

"பால் தானே குடிக்கிறான், பிறகு எப்படிக் குறையும்?"

பாலில் கல்சியம் இருந்தால் போதாதாம், குடல் அதை உறிஞ்ச விற்றமின் டி வேண்டும். தாய்ப்பாலில் அது மிகக் குறைவு. ரொறன்ரோ குளிர்கால வெயிலில் தோல் அதைச் செய்யாது. எங்கள் நிறத்துக்குக் கோடையிலும் கூடுதல் நேரம் பிடிக்கும். அதனால்தான் இங்கே தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தினமும் 400 யூனிட் சொட்டு கொடுக்கச் சொல்கிறார்கள். எங்களுக்கும் சொன்னார்கள். போத்தல் திறக்காமல் ஃபிரிட்ஜுக்கு மேலே இருந்தது.

"உனக்கு நான் சொட்டா விட்டனான்?" என்று அம்மா கேட்டது உண்மைதான். ஆனால் நான் யாழ்ப்பாணத்து வெயிலில் பிறந்தவன், இவன் செப்டம்பரில் ஸ்காபரோவில் பிறந்தவன். யோசிக்க வேண்டியது நான்.

கல்சியம் குறைவு என்பது எங்கள் வேலையில் வரும் எரர் மெசேஜ் மாதிரி. பிழை வேறெங்கோ இருக்கும். பிறந்து முதல் இரண்டு மூன்று நாளில் குறைந்தால் குறைமாதமோ தாயின் நீரிழிவோ காரணமாகலாம். பெரியம்மாவுக்குத் தைரொயிட் ஒப்பரேஷனுக்குப் பிறகு உதடும் விரலும் விறைத்தன. தைரொயிட்டுக்குப் பின்னாலுள்ள நான்கு சின்னச் சுரப்பிகள்தான் கல்சியத்தைக் கட்டுப்படுத்துகின்றன, கத்தி பட்டால் அவை சோர்ந்துவிடும். சிறுநீரகம் பழுதானால் விற்றமின் டி வேலை செய்யும் வடிவத்துக்கு மாறாது. மக்னீசியம் குறைந்தால் அந்தச் சுரப்பிகளே ஹோர்மோனை விடாது, கல்சியம் கொடுத்தும் நிற்காது. நெஞ்செரிவுக்கு வருடக்கணக்காக மாத்திரை போடும் அப்பாமார் இருந்தால் இதை டொக்டரிடம் கேளுங்கள்.

பொய்க் குறைவும் உண்டு. கல்சியத்தில் ஏறக்குறையப் பாதி புரதத்தில் ஒட்டியிருக்கும். அல்புமின் குறைந்தால் மொத்த எண்ணும் குறையும், ஒட்டாத கல்சியம் சரியாகவே இருக்கும். அதற்குத் தனி டெஸ்ட் இருக்கிறது.

மனைவிக்கும் விற்றமின் டி மிகக் குறைவு. இப்போது அவளுக்கு மாத்திரை, மகனுக்குச் சொட்டு. தினமும் காலை ஏழு மணிக்கு அம்மாவின் கோல் வரும்: "தம்பி, சொட்டு விட்டாச்சோ?"