‘மாறாத காசி’ என்னும் மயக்கம்

காசியைப் பற்றி நம்மவர் வரையும் பயணக் கட்டுரைகளில் தவறாது இடம்பெறும் தொடர் ஒன்று உண்டு; ‘என்றும் மாறாத நகரம்’ என்பதே அது. புகழுரைபோல் ஒலிக்கும் இத்தொடரை நாம் மறுக்கின்றோம். அது வரலாற்றுக்கு முரணானது. அதனினும் மேலாக, அந்நகரை ஆக்கியோர்க்கு இழைக்கும் நன்றிக்கேடு.

தொன்மையை நாம் மறுத்தோமில்லை. வருணை கங்கையோடு கலக்குமிடத்தருகே, ராஜ்காட்டில் நிகழ்ந்த அகழாய்வு, கி.மு. 8ஆம் நூற்றாண்டளவிலேயே அங்கு மக்கள் குடியிருந்தமையைக் காட்டிற்று. ஆனால் அந்த மேடு இன்றைய நகரின் வடகோடி. யாத்திரிகர் நெருக்கியடிக்கும் நடுவிடம் அதற்குத் தெற்கே பிற்காலத்தில் செழித்தது. தான் நின்ற இடத்தைவிட்டே பெயர்ந்த ஊரை மாறாத ஊர் என்பது எங்ஙனம்?

நாம் தொழும் விசுவநாதர் ஆலயத்தையே எடுத்துக்கொள்வோம். முந்தைய கோயில் 1669இல் ஔரங்கசீப்பின் ஆணையால் இடிபட்டது. இன்றைய கோயிலை 1780இல் எழுப்பியவர் மாளவத்தை ஆண்ட அகல்யாபாய் ஹோல்கர் என்னும் பெருமாட்டி. சிகரத்துப் பொன் பஞ்சாபின் ரஞ்சித் சிங் வழங்கியது. படித்துறைகளுள் பெரும்பாலானவை 18ஆம் நூற்றாண்டில் மராட்டியர் முதலானோர் கல்லால் கட்டியவை. மான்மந்திர் மாளிகையின் மாடியில் வானாய்வுக் கருவிகளை நிறுவியவர் ஜயப்பூரின் சவாய் ஜயசிங். விசுவநாதர் கோயில் நம் தஞ்சைப் பெரிய கோயிலினும் எழுநூறு ஆண்டுக்கு மேல் இளையது என்றால் அன்பர் சிலர் முகம் சுளிப்பர், சுளிக்கட்டும்.

தமிழரும் அங்கு வெறுங்கையராய்ச் சென்றவரல்லர். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் கேதாரத் துறையருகே மடம் கண்டார். நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் கட்டியதோடு நில்லாது, விசுவநாதர் பூசைக்குரிய பொருள்களை நாள்தோறும் ஏந்திச் செல்லும் தொண்டைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வருகின்றனர். 1898 முதல் 1902 வரை அனுமன் துறையில் வாழ்ந்த பாரதியை நாம் அறிவோம்.

ஒரு நெறியார் மட்டும் ஆக்கிய ஊருமன்று அது. புத்தர் முதலுரை நிகழ்த்திய சாரநாத் அதன் அயலிலேயே உளது. பார்சுவநாதர் பிறந்த ஊர் என்று சமணர் போற்றுவர். நெசவாளர் கபீரும், தோல்தொழில் செய்த ரவிதாசரும் அங்கேதான் பாடினர். இன்றும் மதன்புராவில் முஸ்லிம் நெசவாளர் நெய்யும் பட்டு நம் திருமணங்களுக்கு வருகிறது. 2001இல் பாரத ரத்னா பெற்ற பிஸ்மில்லா கான் கங்கைக்கரைப் பாலாஜி கோயிலிலன்றோ ஷெனாய் பயின்றார்! நம் யாத்திரை நூல்களில் இவர்களுக்கு எத்துணை வரி ஒதுக்கினோம்? பிண்டம் வைப்பதற்கும் பித்தளைச் சொம்பு வாங்குவதற்கும் ஒதுக்கியதில் பாதிகூட இல்லை.

‘மாறாதது’ என்னும் சொல் செய்யும் பெருந்தீங்கு இன்னொன்று. மாறாததற்கு இழப்பும் இல்லையென்று நாம் கண்ணயர்ந்துவிடுகிறோம். 1794இல் ஜகத் சிங் என்பாரின் ஆட்கள் சாரநாத்தின் தர்மராஜிகத் தூபியைச் செங்கல்லுக்காகப் பெயர்த்தனர். அச்செங்கல் அங்காடி கட்டப் போயிற்று. ஊரார் எவரும் அதைத் தடுத்ததாகத் தெரியவில்லை. அண்மையில் நிகழ்ந்ததையும் காண்போம். 2021 டிசம்பரில் திறக்கப்பெற்ற விசுவநாதர் ஆலய வளாகத்திற்காக முந்நூறுக்கு மேற்பட்ட கட்டடங்கள் கையகப்படுத்தப்பெற்றன. அவற்றினிடையே மறைந்துகிடந்த நாற்பதுக்கு மேற்பட்ட சிறு கோயில்கள் வெளிப்பட்டன என்று அரசு கூறிற்று. முதியோர் நெரிசலின்றிக் கங்கையினின்று கோயிலை அடைவது நன்மையே. அதனை நாம் குறைகூறவில்லை. ஆனால் அங்கிருந்த லாகோரி டோலா என்னும் குடியிருப்பு இன்று இல்லை. அதன் சந்துகளில் வழிதவறி நடந்தே தரிசனம் கண்ட நம்மவர் எத்துணையோ பேர். அதன் பெயரை அவர்தம் கட்டுரை எதிலும் நாம் கண்டிலோம்.