கழுத்துக்குத் தடவிய ஜெல் ஆற்றுக்குப் போன கதை

வாசுதேவநல்லூர் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் சாயங்காலமானால் புகையிலை வாசனையோடு இன்னொரு வாசனையும் சேர்ந்துகொள்ளும். வலிக்குத் தடவும் ஜெல். நாள் முழுக்கத் தட்டை மடியில் வைத்துக் குனிந்தே இருந்தால் கழுத்தும் முதுகும் சும்மா இருக்குமா? மெடிக்கலில் வாங்கிய டியூபைப் பிதுக்கித் தேய்த்துவிட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு உலை வைக்கப் போய்விடுவார்கள்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? வாசல் சாக்கடை, அப்புறம் ஓடை, குளம்.

இத்தகைய ஜெல்கள் பலவற்றில் இருப்பது டைக்ளோஃபினாக். தடவியதில் சுமார் 6 சதவிகிதம்தான் உடம்புக்குள் போகிறது. மீதியில் பெரும்பகுதி கை கழுவும்போதும் குளிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் தண்ணீருக்கு வந்துவிடுகிறது. மாத்திரையாக விழுங்கினால் கல்லீரல் அதில் பெரும்பங்கை உருமாற்றிவிடும். அந்த விதத்தில், தண்ணீரைப் பொறுத்தவரை ஜெல்தான் ஊதாரி.

திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி மூன்றிலும் வலி நிவாரணிகளைத் தேடி, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். தேடிய மருந்துகளில் டைக்ளோஃபினாக்கும் ஒன்று. அதுவும் ஆற்றுநீரில் அகப்பட்டது. குற்றாலத்துச் சிற்றாறு போய்ச் சேருவதும் தாமிரபரணியில்தான்.

நம்மூர் வெயிலுக்கு இந்த மருந்து தாங்காது என்பது உண்மை. தெளிந்த நீரின் மேற்பரப்பில் சூரிய ஒளி பட்டால் சீக்கிரமே உடைந்துவிடும். கலங்கல் நீரிலும், ஆகாயத்தாமரை மூடிய குளத்திலும் அந்த வெயில் உள்ளே இறங்காது. சாதாரணக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் இதை முழுசாக அகற்றுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இன்று உடைந்துபோன அளவுக்கு நாளைக் காலையில் புதிதாக வந்து சேர்ந்துவிடுகிறது. ஓட்டைக் குடத்தில் குழாயைத் திறந்தே வைத்திருந்தால் தண்ணீர் குறையுமா? அப்படித்தான் இது ஆற்றில் தங்குகிறது.

சரி, மீனுக்கு என்ன கெடுதல்? ஒரு ரசாயனத்தின் நச்சுத்தன்மையை அறிய முதலில் குறுகிய காலச் சோதனைதான் செய்வார்கள். நீர்த்தெள்ளுக்கு 48 மணி நேரம், பாசிக்கு 72, மீனுக்கு 96. இதில் டைக்ளோஃபினாக் நல்ல பிள்ளையாகத் தேறிவிடும். நீர்த்தெள்ளுகளில் பாதி முடங்கவே லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் வேண்டும். எந்த ஆற்றிலும் அவ்வளவு இருக்காது.

ஆனால் ஜெர்மனியில் ட்ரவுட் மீன்களை 28 நாள் இந்த மருந்து கலந்த நீரில் வைத்துப் பார்த்தார்கள். 2004-ல் வெளியான அந்த ஆய்வில், லிட்டருக்கு வெறும் 5 மைக்ரோகிராமிலேயே சிறுநீரகத்தில் பாதிப்பு தெரிந்தது. 20 மில்லிகிராமில் இது நாலாயிரத்தில் ஒரு பங்கு! நான்கு நாள் சோதனையோடு நிறுத்தியிருந்தால் இது தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது. ட்ரவுட் நம்மூர் மீனல்ல. நம் கெண்டையும் கெளுத்தியும் எப்படித் தாங்கும் என்பதை அவற்றை வைத்தே பார்ப்பதுதான் முறை. ஆறுகளில் பொதுவாகத் தென்படும் அளவும் 5 மைக்ரோகிராமைவிடக் குறைவுதான். சாக்கடை வந்து கலக்கும் இடத்திலும், தண்ணீர் வற்றும் சித்திரை வைகாசியிலும் அந்த இடைவெளி சுருங்கிவிடும் என்பதே கவலை.

சிறுநீரகம் என்றதும் பாறுக் கழுகுகள் நினைவுக்கு வரலாம். மாட்டுக்குப் போட்ட இதே மருந்து, அதன் சடலத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்தது. 2006-ல் கால்நடைகளுக்கு இதைப் பயன்படுத்த இந்தியாவில் தடை வந்தது. தமிழ்நாட்டில் மிச்சமிருக்கும் பாறுகளுக்கு நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்குதான் முக்கியப் புகலிடம்.

குடிக்கும் நமக்கு? லிட்டருக்கு 100 நானோகிராம் இருப்பதாக வைத்துக்கொண்டு, தினம் 2 லிட்டர் வீதம் 70 வருடம் குடித்தாலும் மொத்தம் 5 மில்லிகிராம்தான் சேரும். 50 மில்லிகிராம் மாத்திரையில் பத்தில் ஒரு பங்கு. பயப்பட ஒன்றுமில்லை. மீனோ இருபத்து நாலு மணி நேரமும் அந்தத் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது.

கழுத்து வலியோடு இருப்பவரிடம் மருந்தை விடுங்கள் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஜெல்லைத் தேவையான அளவு மட்டும் எடுத்துத் தடவலாம். தடவிய கையைக் கழுவுவதற்கு முன், பழைய பேப்பரில் நன்றாகத் துடைத்துக் குப்பையில் போட்டுவிடலாம். தடவியதும் ஒரு மணி நேரமாவது குளிக்காமல் இருந்தால், வாங்கிய காசுக்கு வலியும் கொஞ்சம் கேட்கும்.