ஆசிட்டும் வேண்டாம், அவசரமும் வேண்டாம்

இலக்கியக் கட்டுரைகளுக்கும் விழாச் செய்திகளுக்கும் நடுவே, கார் நிறுத்தும் தரையைக் கழுவுவது பற்றி எழுத ஒருவன் வந்துவிட்டானே என்று வாசக அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் செம்பூர், மாட்டுங்கா, முலுண்டு என்று நம்மவர் நெடுங்காலமாகக் குடியிருக்கும் பகுதிகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். பழைய மூன்று மாடிக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, அதே மனையில் உயரமான அடுக்குமாடிகள் எழுகின்றன. கீழ்த்தளம் முழுவதும் கார்களுக்கு. அந்தத் தரைக்குச் சாம்பல் நிறத்திலோ பச்சை நிறத்திலோ பளபளவென்று எப்பாக்ஸி பூசிக் கொடுத்துவிட்டுப் பில்டர் விடைபெறுகிறார். ஜூன் மாதம் மழை இறங்குகிறது. தெருச்சேறு அத்தனையும் டயரோடு உள்ளே வருகிறது. தீபாவளிக்குள் தரையின் நிறம் என்னவென்று யாருக்கும் நினைவிருப்பதில்லை. அப்புறம் சொசைட்டிக் கூட்டம் தோறும் ஒரே கேள்விதான்: "பார்க்கிங் ஏன் இவ்வளவு அழுக்கு?"

சிரமமில்லாமல் சுத்தம் செய்ய வழி உண்டா என்றும் கேட்கிறார்கள். உண்டு. ஆனால் யாருடைய சிரமம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இதைக் கேட்பவர் எவரும் துடைப்பத்தைத் தொடுபவர் இல்லை. தொடுபவரை யாரும் கேட்பதும் இல்லை.

எங்கள் கட்டடத்தில் இருபத்திரண்டு கார்கள் நிற்கின்றன. ஒரு காருக்கு இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால் கார் நிற்கும் இடம் மட்டுமே 275 சதுர மீட்டர். வண்டி திரும்பும் பாதை தனி. இவ்வளவு தரையையும் இரண்டு பெண்கள் குந்தி உட்கார்ந்து, கைப்பிடியில்லாத தேய்ப்புக் கட்டையால் தேய்க்கிறார்கள். இருவரில் மூத்தவரை எல்லாரும் 'மாவ்ஷி' என்றுதான் அழைக்கிறார்கள். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், தாராவியில் பிறந்து வளர்ந்தவர், நம்மைப் போலவே வீட்டில் தமிழ் பேசுபவர் என்பது மாடியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களிலேயே பலருக்குத் தெரியாது. நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு அவரை யாரும் அழைத்ததுமில்லை. அது வேறு கட்டுரைக்கு உரிய விஷயம்.

ஒருநாள் அவரிடம் கேட்டேன்: "ஏம்மா, எதுக்கு இவ்வளவு ஆசிட்டை ஊத்தறீங்க? மூச்சு முட்டலியா?"

"ஊத்தலைன்னா வேலை செய்யலைம்பாங்க சார். வாடை மூணாவது மாடி வரைக்கும் போனாத்தான் கழுவுனதாக் கணக்கு" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில் முழு நோயும் அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. சுத்தத்தை நாம் தரையைப் பார்த்து அளப்பதில்லை. வாடையை வைத்தும், கழுவுபவரின் வியர்வையை வைத்தும் அளக்கிறோம். சுலபமாக நடந்த வேலை என்றால் ஏய்ப்பு என்று சந்தேகப்படுகிறோம். அதனால் சுலபமான வழி கண்ணெதிரே இருந்தும் நம் கட்டடங்களுக்குள் நுழைய முடிவதில்லை.

எப்பாக்ஸி என்பது ஏதோ புதுமையான பொருள் அல்ல. உடைந்த பொம்மையை ஒட்ட இரண்டு சிறு குழாய்களிலிருந்து சம அளவு பிதுக்கிக் கலப்போமே, அந்த அரால்டைட்டின் குடும்பம்தான். பிசின் ஒன்று, அதை இறுகச் செய்யும் பொருள் ஒன்று. இரண்டும் கலந்து இறுகியபின் நீரும் எண்ணெயும் எளிதில் ஊடுருவாத ஒரு தோல் சிமெண்டின் மேல் படிந்துவிடுகிறது. அதாவது, அழுக்கு தரைக்குள் இறங்குவதில்லை, மேலேயே உட்கார்ந்திருக்கிறது. மேலே உட்கார்ந்திருப்பதை எடுக்க அடிதடி எதற்கு?

ஆசிட் என்று நாம் வாங்குவது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பழைய சிமெண்டுத் தரையிலும் மொசைக்கிலும் அதை ஊற்றியவுடன் நுரைத்துப் பொங்கும். அழுக்கு கிளம்புகிறது என்று மகிழ்வோம். உண்மையில் கரைந்து கிளம்புவது சிமெண்டிலும் சலவைக்கல் சில்லுகளிலும் உள்ள சுண்ணாம்பு. எப்பாக்ஸித் தரையில் அப்படிப் பொங்காது. மாறாக, பூச்சின் மினுமினுப்பு மெல்ல மங்கும். எங்கெல்லாம் கீறலும் ஊசித்துளையும் ஓரப்பிளவும் இருக்கின்றனவோ, அங்கெல்லாம் அமிலம் கீழே இறங்கிச் சிமெண்டை அரிக்கும். பிடிப்பு போனபின் பூச்சு அப்பளம் போலக் கிளம்பும். அப்போது "மட்டமான பெயிண்ட் அடித்துவிட்டான்" என்று பில்டரைத் திட்டுகிறோம். மட்டமான பெயிண்டாகவும் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் மாதந்தோறும் ஆசிட் வாங்கிக் கொடுத்தது நம் கமிட்டி.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. ஆசிட்டின் வாடை போகட்டும் என்று அதன்மேலேயே பிளீச்சிங் கரைசலை ஊற்றுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் வெளிவருவது குளோரின் வாயு; நுரையீரலைச் சுடும் நஞ்சு. சுவர்கள் சூழ்ந்த கீழ்த்தளத்தில், குந்தி உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்கு நேரே அது எழும். காற்றைவிடக் கனமானது ஆகையால் தாழ்வான இடத்திலேயே தங்கும். 2013-இல் உச்ச நீதிமன்றம், வாங்குபவரின் அடையாளத்தைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதாமல் அமிலத்தைக் கடையில் விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. முகத்தில் வீசப்படும் அமிலத்தை எண்ணிப் பிறந்த உத்தரவு அது. நாள்தோறும் சுவாசிக்கப்படும் அமிலத்தைப் பற்றி நாமாகத்தான் யோசிக்க வேண்டும்.

சரி, மாற்று வழி என்ன? நம் வீட்டுப் பெண்கள் வாசலில் காலங்காலமாகச் செய்வதுதான். முதலில் பெருக்குவார்கள், பிறகு நீர் தெளிப்பார்கள், அதன் பிறகே கோலம். பார்க்கிங்கில் மட்டும் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. எடுத்த எடுப்பில் குழாயைத் திறந்து விடுகிறார்கள். உலர்ந்து கிடந்த புழுதி சேறாகிறது. அந்தச் சேற்றை இங்கிருந்து அங்கே நகர்த்துவதிலேயே பாதிப் பொழுது போய்விடுகிறது. சேற்றில் உள்ள மணல் எப்பாக்ஸியைவிடக் கடினமானது. அதை வைத்துக்கொண்டு தேய்ப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். ஆகவே முதலில் உலர்ந்த நிலையிலேயே எடுக்க வேண்டும். அதற்குத் தென்னந்துடைப்பம் போதாது. பெரிய குப்பையைத் தள்ளும், நுண்மணலை விட்டுவிடும். ரயில் நிலையங்களிலும் மால்களிலும் தள்ளிக்கொண்டு போகிறார்களே, இரண்டரை மூன்றடி அகலத்தில் நீண்ட கைப்பிடியோடு ஒரு மாப், அதுதான் இதற்கு ஏற்றது. நின்றபடி, உட்சுவரிலிருந்து வாயிலை நோக்கித் தள்ளிக்கொண்டே வரலாம். வாரம் இருமுறை இதைச் செய்தாலே கழுவ வேண்டிய தேவை பாதியாகிவிடும். வழுக்காதிருக்க மணல் தூவிப் பூசிய சொரசொரப்பான தரையானால் மாப்பின் நூல் சிக்கும். அங்கே மென்மையான நைலான் துடைப்பம் நல்லது.

எண்ணெய்ச் சொட்டுக்கும் முதல் மருந்து நீரல்ல. மரத்தூளைத் தூவி ஓரிரவு விட்டுவிட வேண்டும். தச்சுப்பட்டறையில் கேட்டால் ஒரு சாக்கு கொடுப்பார்கள். காலையில் கூட்டி எடுத்தால் எண்ணெயின் பெரும்பகுதி தூளோடு போய்விடும்.

பிறகு கழுவுதல். அமிலமோ காரமோ இல்லாத நடுநிலையான தரைத் திரவம் கிடைக்கிறது. இல்லையென்றால் பாத்திரம் தேய்க்கும் திரவமே போதும். ஒரு வாளி வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி. அதற்கு மேல் வேண்டாம். கூடுதலாக ஊற்றினால் கூடுதல் சுத்தம் என்பது தவறான எண்ணம். மிஞ்சிய சோப்பு மெல்லிய படலமாகப் படிந்து மறுநாளே புழுதியைப் பிடித்துக்கொள்ளும், காலையும் வழுக்கும். கரைசலைத் தரையில் பரப்பிவிட்டு ஐந்திலிருந்து பத்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். இந்தச் 'சும்மா இருத்தல்'தான் முழு ரகசியமும். சோப்பின் மூலக்கூறுக்கு ஒரு முனை எண்ணெயை நாடும், மறுமுனை நீரை நாடும். எண்ணெயைச் சுற்றி வளைத்துத் தரையிலிருந்து பெயர்க்க அதற்குச் சற்று அவகாசம் வேண்டும். எண்ணெய் தேய்த்த தலையில் சீயக்காயை வைத்தவுடனே யாரும் நீரை ஊற்றிவிடுவதில்லையே! ஒரே நிபந்தனை, கரைசல் காய்ந்துவிடக் கூடாது. அதனால் ஒரு நேரத்தில் இரண்டு கார்களின் இடம், அவ்வளவுதான்.

அதன்பின் நீண்ட கைப்பிடியுள்ள நைலான் பிரஷ்ஷால் நின்றுகொண்டே ஒரு சுற்றுத் தேய்த்து, அழுக்கு நீரை வைப்பரால் தள்ளி, வேறு வாளியிலிருந்து நல்ல நீர் ஊற்றி மீண்டும் தள்ள வேண்டும். இரண்டாவது வாளி முக்கியம். ஒரே வாளியில் மாப்பை முக்கி முக்கித் துடைப்பது அழுக்கைச் சமமாகப் பங்கிடுவதாகும். போர்வெல் நீரானால் தேங்கவிடாமல் தள்ளிவிட வேண்டும். இல்லையேல் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். அதைப் பார்த்ததும் மறுபடி யாராவது ஆசிட்டைத் தேடுவார்.

எதற்கும் போகாத கறை ஒன்றும் இருக்கிறது. ஓடிவந்த சூட்டோடு டயர் நிற்கும்போது ரப்பரை மென்மையாக வைத்திருக்கும் பொருள்கள் பூச்சுக்குள் இறங்கிப் பழுப்புத் தடமாகிவிடும். அது அழுக்கு அல்ல, நிறமாற்றம். அதைத் தேய்க்கச் சொல்லி ஒரு பெண்ணை அரைமணி நேரம் உட்கார வைப்பது கொடுமை. டயருக்கு அடியில் பழைய கம்பளத் துண்டைப் போடுங்கள், அது போதும். அப்படியே வாயிற் சரிவில் தடிமனான கயிற்றுப்பாய் ஒன்றை விரித்தால் சேற்றில் ஒரு பங்கு அங்கேயே நின்றுவிடும்.

எங்கள் பக்கத்து நான்கு இடங்களில் இந்த முறையைச் செய்து பார்த்தோம். அலுவலகக் கார்கள் வெளியே போய்விடும் பதினொரு மணி வாக்கில் தொடங்கினோம். வழக்கமாக ஒரு காலைப்பொழுது முழுவதும் பிடிக்கும் வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. அதில் கால் பங்கு காத்திருந்த நேரம். தரையின் பச்சை நிறம் தெரிந்தது. யாரும் குந்தி உட்காரவில்லை.

மாவ்ஷி பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைத் தனியே அழைத்து, "சார், ரெண்டு பேரு வேலைய ஒருத்தியே செஞ்சிரலாம்னு மேல சொல்லிராதீங்க. கூட வர்ற புள்ளைக்கு ரெண்டு சின்னஞ்சிறுசு இருக்கு" என்றார். அந்த அச்சம் வீண் அல்ல. அதே வாரம் கமிட்டியில் ஒருவர், "அப்படியானால் ஒப்பந்தத்தில் ஒரு ஆளைக் குறைத்துவிடலாமே" என்று மிக இயல்பாகக் கேட்டார். கருவியை வாங்கித் தந்தால் வேலை போகும் என்றால், அந்தக் கருவியைக் கண்டு மகிழ யார்தான் துணிவார்? சிரமத்தைக் குறைக்கும் வழிகள் நம் நாட்டில் மெதுவாகவே பரவுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். உழைப்பவருக்குத் தெரிந்த சுருக்கு வழிகள் ஏராளம். சொன்னால் கூலி குறையும் என்பதால் சொல்வதில்லை.

ஆகவே என் கோரிக்கை தரையோடு நிற்கவில்லை. மகாராஷ்டிரச் சட்டப்படி ஒவ்வொரு சொசைட்டியும் செப்டம்பர் 30-க்குள் ஆண்டுப் பொதுக்குழுவைக் கூட்டியாக வேண்டும். எங்கள் கூட்டத்தில் நான் முன்வைக்க இருக்கும் தீர்மானத்தில், ஆசிட் வாங்குவதை நிறுத்துவதும், அந்தப் பணத்தில் அகல மாப் ஒன்று, நீண்ட பிரஷ் இரண்டு, வைப்பர் இரண்டு, கையுறை, ரப்பர் செருப்பு வாங்குவதும் முதற்பகுதி. இரண்டு பணியாளர்கள், இதே ஊதியம் என்பதை ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் பெறுவது இரண்டாம் பகுதி. இரண்டாம் பகுதியை நீக்கிவிட்டு முதற்பகுதியை மட்டும் நிறைவேற்றலாம் என்று யாராவது சொன்னால், தீர்மானத்தையே திரும்பப் பெற்றுக்கொள்வேன். மிஞ்சும் நேரத்தில் அவர்கள் மாடிப்படியைத் துடைக்கட்டும், அல்லது ஒரு தேநீர் குடித்துவிட்டு உட்காரட்டும், நமக்கென்ன நட்டம்?

தீர்மானத்தை மராத்தியிலும் எழுதி வைத்திருக்கிறேன். தங்கள் சொசைட்டியில் பயன்படுத்த விரும்பும் அன்பர்கள் சங்க அலுவலகத்தில் நகல் பெற்றுக்கொள்ளலாம்.