இனிஷியல் செய்த வம்பு



"எம்.பி.பி.எஸ். முடிச்சாச்சு, கழுத்திலே ஸ்டெதஸ்கோப்பும் மாட்டியாச்சு. இன்னும் என்னக்கா பரீட்சை? கல்யாண வயசிலே இவ பாட்டுக்குப் புஸ்தகத்தைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காளே!"

தஞ்சாவூரிலிருந்து என் தங்கை போனில் இப்படித்தான் அங்கலாய்ப்பாள். அவள் பெண், அமெரிக்காவில் மேல்பயிற்சிக்குப் போக வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்த சமயம் அது. டாக்டருக்குப் படித்த பிள்ளைகள் உள்ள பல வீடுகளில் இதே கேள்விதான். ஆகவே இந்த இதழில் ஊறுகாய்க்கும் வற்றலுக்கும் லீவு கொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக் கதையையே சொல்லிவிடுகிறேன்.

வெளிநாட்டில் படித்த டாக்டர், அமெரிக்காவில் போய் இறங்கியவுடன் போர்டு மாட்டிக்கொண்டு வைத்தியம் பார்க்க முடியாது. பெரும்பாலும் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் 'ரெஸிடென்ஸி' என்ற பயிற்சியை முடித்தாக வேண்டும். குழந்தை வைத்தியத்துக்கும் பொது மருத்துவத்துக்கும் மூன்று வருஷம். பொது அறுவை சிகிச்சைக்கு ஐந்து வருஷம்.

அந்தப் பயிற்சிக்கு முன்னால் ஒரு வாசற்படி இருக்கிறது. பிலடெல்பியா நகரத்தில் ஈ.சி.எஃப்.எம்.ஜி. என்றொரு அமைப்பு, 1956-ல் தொடங்கியது. வெளிநாட்டு டாக்டர்களின் படிப்பைச் சோதித்துச் சான்று கொடுப்பது இதன் வேலை. 1958-ல் முதல் பரீட்சை வைத்தார்கள். இப்போது யு.எஸ்.எம்.எல்.ஈ. என்ற பரீட்சையின் முதல் இரண்டு படிகளைத் தாண்ட வேண்டும். மருத்துவர்களுக்கென்றே உள்ள ஓர் ஆங்கிலப் பரீட்சையும் உண்டு. டிகிரி சர்டிபிகேட்டை நாம் காட்டினால் மட்டும் போதாது. படித்த கல்லூரியையே நேரில் கேட்டு, "இது நிஜம்தானா?" என்று உறுதி செய்துகொள்வார்கள்.

முதல் படி எட்டு மணி நேரம், இரண்டாவது ஒன்பது மணி நேரம். ஒரே நாளில்! என் தங்கை பதறிப்போய், "சாப்பாட்டுக்கு என்னடி பண்ணுவே?" என்றாள். "நாள் பூராவுக்கும் சேர்த்து முக்கால் மணிதான்மா இடைவேளை" என்றாள் பெண். நான் சொன்ன யோசனை இதுதான்: நான்கு இட்லி, மிளகாய்ப்பொடி எண்ணெயில் குழைத்துத் தடவியது, இரண்டு வாழைப்பழம், ஒரு பாட்டில் மோர். வடையும் வேண்டாம், பூரியும் வேண்டாம். வயிறு கனத்தால் கண் செருகும். முதல் படியை அதை வைத்தே ஒப்பேற்றினாள்.

2022 ஜனவரிக்குப் பிறகு முதல் படிக்கு மார்க் கிடையாது. பாஸ் அல்லது ஃபெயில், அவ்வளவுதான். ஆகவே ஆஸ்பத்திரிக்காரர்கள் இரண்டாவது படி மார்க்கைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள். எங்கள் பெண்ணுக்கு ஆகஸ்டில் அந்தப் பரீட்சை. செப்டம்பர் கடைசியில் விண்ணப்பங்களைத் திறந்து பார்ப்பார்கள். அதற்குள் மார்க் வந்துவிடும் என்று கணக்கு.

இங்கேதான் வந்தது வம்பு!

பழைய பாஸ்போர்ட்டில் அவள் பெயரும் ஓர் இனிஷியலுமாகத்தான் இருந்தது. டிகிரியிலும் அப்படியே, பரீட்சைப் பதிவிலும் அப்படியே. இடையில் பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்கும்போது அவள் அப்பா, "அமெரிக்கா போற பொண்ணு, முழுப் பேரா இருக்கட்டும்" என்று இனிஷியலை விரித்துத் தம் பெயரைப் பூராவும் எழுத வைத்துவிட்டார். நல்ல எண்ணம்தான். ஆனால், பரீட்சைக்கூடத்தில் அனுமதிச் சீட்டிலுள்ள பெயரும் பாஸ்போர்ட்டிலுள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போதுதான் பெண் இதைக் கவனித்தாள். பெயரைத் திருத்தக் கேட்டு எழுதி, பாஸ்போர்ட் நகல் அனுப்பி, டிகிரியில் உள்ளவளும் இவளும் ஒரே ஆள்தான் என்று காட்டி... எல்லாம் சரியாவதற்குள் ஆகஸ்ட் தேதி கைநழுவிப் போயிற்று. அடுத்து கிடைத்தது அக்டோபரில். நன்றாகத்தான் எழுதினாள். ஆனால் மார்க் வந்தபோது நவம்பர். இன்டர்வியூவுக்கு இரண்டே இரண்டு இடங்களில்தான் கூப்பிட்டார்கள்.

இன்டர்வியூ முடிந்ததும், பெண் தனக்குப் பிடித்த ஆஸ்பத்திரிகளை வரிசைப்படுத்தி எழுதித் தர வேண்டும். ஆஸ்பத்திரிகளும் தங்களுக்குப் பிடித்தவர்களை வரிசைப்படுத்தும். கம்ப்யூட்டர் இரண்டையும் பொருத்திப் பார்க்கும். இதற்குப் பெயரே 'மேட்ச்'. 1952 முதல் நடக்கிறது. இந்தப் பொருத்தக் கணக்கை 1962-ல் டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இருவர் விளக்கி எழுதியபோது, அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று என்ன தெரியுமா? கல்யாணம்தான்! இப்போதுள்ள முறையை அமைத்தவர்களில் ஒருவரான ஆல்வின் ராத்துக்கும் ஷேப்லிக்கும் 2012-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. நம் தரகர்களுக்கு யார் கொடுக்கிறார்கள்!

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை, இடம் உண்டா இல்லையா என்று மட்டும் தகவல் வரும். எந்த ஊர் என்பது வெள்ளிக்கிழமைதான் தெரியும். அந்தத் திங்கட்கிழமை நானும் தஞ்சாவூரில் இருந்தேன். விளக்கு வைத்து ஒரு மணி நேரம் இருக்கும். பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், மூடினாள், எழுந்து போய் ஸிங்க்கில் கிடந்த பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் அப்பா திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்.

"என்னாலேதானேம்மா ஒரு வருஷம் போச்சு" என்றார் மறுநாள்.

"பாஸ்போர்ட் வந்த அன்னிக்கே நான் பிரிச்சுப் பார்த்திருக்கணும்ப்பா. எம் மேலேயும் தப்பு இருக்கு" என்றாள். அன்றைக்கு அந்தப் பெண் மேல் எனக்கு மதிப்பு கூடிற்று.

அந்த வருஷம் உள்ளூர் கிளினிக்கில் வேலை பார்த்தாள். செப்டம்பரில் எல்லாத் தாளும் கையில் இருக்க மறுபடி விண்ணப்பித்தாள். அடுத்த மார்ச்சில் குழந்தை வைத்தியத்துக்கு இடம் கிடைத்தது. ஜூலையில் பயிற்சி ஆரம்பம்.

நடுவில் ஒரு நல்ல வரனும் அமைந்தது. பையனுடைய அம்மா ஆசையாக, "கல்யாணம் ஆனதும் பாஸ்போர்ட்டிலே எங்க பையன் பேரைச் சேர்த்துடலாமே" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! நடந்ததையெல்லாம் எடுத்துச் சொன்னேன். "ஐயோ, எனக்கு மருமகள்தானே வேணும்? பேர் எங்கே ஓடிப் போகுது!" என்று சிரித்துவிட்டார். தங்கமான மனுஷி.

அப்புறம் விசா. ரெஸிடென்ஸிக்குப் போகிறவர்களில் பலருக்கு ஜே-1 என்ற விசாதான். அதற்கு நம் மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு கடிதம் தர வேண்டும். இந்தத் துறை டாக்டர்கள் எங்கள் நாட்டுக்குத் தேவை, இவர் திரும்பி வருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பது அதன் சாரம். பயிற்சி முடிந்தபின் இரண்டு வருஷம் சொந்த நாட்டில் இருந்துவிட்டுத்தான் அங்கே நிரந்தரமாகத் தங்கக் கேட்க முடியும். கிரீன் கார்டு வைத்திருப்பவரைக் கல்யாணம் செய்துகொண்டாலும் இது தீராது. கூடப் போகும் கணவனுக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. டாக்டர் இல்லாத பின்தங்கிய பகுதியில் மூன்று வருஷம் வேலை செய்தால் விலக்கு உண்டு. ஒவ்வொரு மாநிலமும் வருஷத்துக்கு முப்பது பேருக்குச் சிபாரிசு செய்யலாம்.

இதை நான் படித்துச் சொன்னபோது பெண் முகம் சுருங்கிற்று. என் தங்கையோ, "நல்ல சட்டம்க்கா! யார் போட்டாங்களோ, மகராசனா இருக்கட்டும்!" என்றாள்.

எச்-1பி என்று இன்னொரு விசாவும் உண்டு. அதற்கு மூன்றாவது படிப் பரீட்சையையும் முன்னதாகவே தாண்ட வேண்டும். அதை அமெரிக்காவில்தான் எழுத முடியும். 2025 செப்டம்பரில், புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்து பலரைக் கலங்க வைத்தது. விசா சட்டம் நாளுக்கு நாள் மாறும். பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான் என்று நம்பாமல், அந்தந்த அலுவலகத்தின் அறிவிப்பையே பாருங்கள்.

பிள்ளையை அனுப்ப நினைக்கும் தாய்மார்களுக்கு நான் சொல்வது நாலே விஷயம்:

பத்தாம் வகுப்பு சர்டிபிகேட், டிகிரி, பாஸ்போர்ட் மூன்றையும் இன்றைக்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

திருத்தம் வேண்டுமானால் முதல் பரீட்சைக்குப் பதிவு செய்வதற்கு முன்பே செய்துவிடுங்கள். நடுவில் மாற்றாதீர்கள்.

பாஸ்போர்ட் எப்போது காலாவதியாகிறது என்று காலண்டரில் குறித்து வையுங்கள்.

ஒரு தடவை இடம் கிடைக்காவிட்டால் பெண்ணிடம் "அப்பவே சொன்னேனே" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அன்றைக்கு ஒரு டம்ளர் சூடான பாலும் ஒரு ராத்திரி தூக்கமுமே மருந்து.

பெண் போன வாரம் போனில் பேசினாள். வாரத்துக்கு எண்பது மணி நேரம் வரை டியூட்டியாம். "சாப்பிட்டியா?" என்று கேட்பதற்கு முன்பே, "பெரியம்மா, மோர் இங்கேயும் கிடைக்குது" என்றாள். என் தங்கை வீட்டுச் சுவரில், மூன்று வருஷம் கழித்து வரும் ஜூன் மாதத்துக்கு இப்போதே ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறாள். என்ன எழுதியிருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த இதழில் எலுமிச்சை ஊறுகாயோடு சந்திப்போம்.