கத்னாவுக்கு முன் கவனியுங்கள்



ஆண் குழந்தை பிறந்ததும் கத்னாவுக்கு நாள் குறிக்கிறோம். அதற்கு முன் பிள்ளை சிறுநீர் கழிப்பதைத் தாய் கவனிக்க வேண்டும். சில குழந்தைகளுக்குச் சிறுநீர்த் துவாரம் உறுப்பின் நுனியில் இல்லாமல் அடிப்பக்கத்தில் இருக்கும். முன்தோல் மேற்புறத்தை மட்டும் முக்காடு போல மூடியிருக்கும். ஏறத்தாழ 200 முதல் 300 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி அமைகிறது. "பிறவியிலேயே சுன்னத்தான பிள்ளை" என்று மூத்தம்மாமார் மகிழ்வதுண்டு. உண்மையில் அது ஒரு குறைபாடு. ஆனால் சீர்செய்யக் கூடியது.

இத்தகைய பிள்ளைக்குக் கத்னா செய்துவிடாதீர்கள். துவாரத்தை நுனிக்குக் கொண்டுவரும் சத்திரசிகிச்சைக்கு அந்த முன்தோலே தேவைப்படலாம். அதை வெட்டிவிட்டால், வாயின் உட்புறத்திலிருந்து தோல் எடுக்கவும் நேரிடும். பெரும்பாலும் 6 முதல் 18 மாதத்துக்குள் இதைச் செய்வார்கள். இலேசானதாயின் சிகிச்சையே வேண்டியிராது. அதைச் சிறுவர் சத்திரசிகிச்சை நிபுணர் சொல்லட்டும்.

"ஏழாம் நாள் தவறுகிறதே" என்று கலங்காதீர்கள். ஷாபிஈ மத்ஹபில் கத்னா கடமையாவது பருவமடைந்த பின்னரே. அதற்கு முன் செய்வது சுன்னத்து. தக்க காரணத்துக்காகப் பிற்படுத்துவதில் குற்றமில்லை. ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி அவசரப்பட்டால், அதன் சிரமத்தைச் சுமக்கப் போவது உங்கள் மகன்தான்.