உடம்பைக் குறைச்சுட்டு வாம்மா!

மூன்றே வார்த்தை. ஆலோசனைக் கட்டணம் 400 ரூபாய். வார்த்தைக்கு 133 ரூபாய் சொச்சம் என்று மனசு தானாகவே கணக்குப் போட்டது. பி.காம். படித்த புத்தி, என்ன செய்ய!

அந்த மூன்று வார்த்தையை வாங்கிக்கொண்டு நாமக்கல்லிலிருந்து மலை ஏறிக்கொண்டிருந்தவள் கொல்லிமலை தேவனூர் நாட்டுப் பெண். வயது 19. கீழே விடுதியில் தங்கி அவளும் பி.காம்.தான் படிக்கிறாள். மரவள்ளிக் கிழங்கு விலை பற்றி எழுதுவதற்காகப் போன நான், பேருந்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். முப்பதாவது வளைவுக்குள் வயிறு புரட்டுகிறவர்களுக்குத் தன் கைப்பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுக்கிற பெண் அவள். எனக்கும் கொடுத்தாள். அப்படித்தான் பேச்சு ஆரம்பித்தது.

நாலு மாதமாக மாதவிடாய் வரவில்லை. தாடையில் முடி. கழுத்துப் பின்னால் கறுப்பாகப் படர்ந்திருக்கிறது. 'நல்லா தேய்ச்சுக் குளிடி' என்று விடுதித் தோழிகள் சொல்ல, தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்ததுதான் மிச்சம். ஸ்கேன் எடுத்தார்கள். 'பிசிஓடி' என்றார்கள். நீர்க்கட்டி என்று நர்ஸ் தமிழில் சொன்னதும் கூட வந்த அம்மா அழுதுவிட்டாள். கட்டி என்றால் அந்த அம்மாவுக்குத் தெரிந்தது புற்றுநோய் மட்டும்தான்.

அது கட்டியே இல்லை, முழுதாக வளராமல் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள் என்று சொல்ல அங்கே யாருக்கும் அரை நிமிடம் கிடைக்கவில்லை. 'உடம்பைக் குறைச்சுட்டு வாம்மா. கல்யாணம் ஆனா சரியாயிடும்.' அடுத்த டோக்கன்!

எவ்வளவு குறைக்கணும்? எதற்குள்? எப்படி? கேட்டாளாம். ஒரு ஜெராக்ஸ் தாளை நீட்டினார்கள். நானும் வாங்கிப் பார்த்தேன். காலை: ஓட்ஸ், கொழுப்பு நீக்கிய பால். 11 மணி: ஆப்பிள். மதியம்: பிரவுன் ரைஸ், புரோக்கோலி. இரவு: சாலட், சூப். கொல்லிமலையில் பலா விளைகிறது, அன்னாசி விளைகிறது, வாழை விளைகிறது, காபியும் மிளகும் விளைகின்றன. புரோக்கோலிக்கு அந்தப் பெண் எங்கே போவாள்? விடுதிச் சமையல்காரரிடம் போய் 'அண்ணே, எனக்கு மட்டும் ஒரு சூப்' என்று கேட்பாளா?

காலையில் ஒரே மூச்சில் எண்பது பேரைப் பார்க்கிற டாக்டரின் கஷ்டம் எனக்கும் தெரியும். அவர் சொன்னது பொய்யும் இல்லை. எடை கூடினால் இந்தக் கோளாறு மோசமாகும் என்பது உண்மை. ஆனால் அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டால் அது வைத்தியம் இல்லை, வெறும் வசவு.

மீதிப் பாதி இதுதான். சாப்பாட்டிலிருந்து வருகிற சர்க்கரையை உடம்பு உள்ளே வாங்கிக்கொள்ள இன்சுலின் வந்து கதவைத் தட்ட வேண்டும். இந்தப் பெண்களில் பெரும்பாலோர் உடம்பில் உள்ளே இருப்பவருக்குக் காது மந்தம். அதனால் இன்சுலின் இன்னும் ஓங்கித் தட்டுகிறது. அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரரான சினைப்பை எழுந்து, தேவைக்கு மேல் ஆண் ஹார்மோனைச் சுரக்க ஆரம்பிக்கிறது. முட்டை முதிர்வதில்லை. மாதவிடாய் தள்ளிப்போகிறது. முகத்தில் முடி, பரு. கழுத்துக் கறுப்பும் இந்த இன்சுலின் விவகாரம்தான், அழுக்கு இல்லை. அதிக இன்சுலின் கொழுப்பைச் சேர்த்து வைக்கத் தூண்டும். எடை ஏறினால் காது இன்னும் மந்தமாகும். அதாவது, குண்டானதால் நோய் வந்தது என்பதோடு, நோய் வந்ததால் குண்டானதும் உண்டு. ஒல்லிக்குச்சியாக இருக்கிற பெண்களுக்கும் இது வருகிறது. அவர்களிடம் எதைக் குறைச்சுட்டு வரச் சொல்வீர்கள்?

இது ஏதோ அபூர்வ வியாதி இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் 10 முதல் 13 சதவீதம் பேருக்கு இருக்கிறது. அவர்களில் 70 சதவீதம் பேர் வரை தங்களுக்கு இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கிற பெண்களைப் பத்துப் பத்தாக எண்ணிப் பாருங்கள்.

அடுத்து இன்னொரு கூட்டம். அவளுடைய செல்போனில் ஒரு விளம்பரம் காட்டினாள். 'பிசிஓடிக்கு பை பை சொல்லுங்கள். பாட்டி காலத்துச் சிறுதானிய மிக்ஸ்.' அரைக் கிலோ 899 ரூபாய். டப்பா மேல் சாமைக் கதிர் படம். "இது எங்க ஆயா காட்டுல விளைஞ்சதுக்கா" என்று சிரித்தாள்.

அவள் ஆயாவைத் தேவனூர் நாட்டில் பார்த்தேன். எழுபதைத் தாண்டிய மலையாளிப் பழங்குடிப் பெண். கேரளத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், இவர்கள் இந்த மலையின் 14 நாடுகளிலும் தலைமுறை தலைமுறையாக உழுகிற நம் ஜனங்கள். சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு, கூடவே அவரை என்று கலந்து விதைத்துச் சாப்பிட்டவர்கள். ஆயா காட்டில் இப்போது மரவள்ளி நிற்கிறது. ஏன் ஆயா சாமையை விட்டீங்க என்று, நகரத்திலிருந்து போகிற எல்லோரும் கேட்கிற அதே அசட்டுக் கேள்வியை நானும் கேட்டேன்.

"குத்துனது யாரு கண்ணு? ஆம்பளையா குத்துனான்?"

என் வாயில் பதில் இல்லை. கேழ்வரகை அப்படியே அரைத்துவிடலாம். சாமைக்கும் தினைக்கும் பனிவரகுக்கும் உமி உண்டு. உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்த வேண்டும். விடிகாலையில் எழுந்து குத்தினால்தான் வீட்டுக்கு ஒரு வேளைச் சோறு. அந்த உலக்கை பெண்கள் கையில் மட்டும்தான் இருந்தது. மரவள்ளிக்கு உலக்கை வேண்டாம். சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கை ஏற்றிப்போக லாரி வரும், கையில் காசு வரும். 2011 ஜூன் முதல் ரேஷனில் இலவச அரிசியும் வந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலையில் தொண்ணூறுகளிலிருந்தே வேலை செய்து, பெண்கள் குழுக்களுக்கு உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்து கொடுத்தது. சாமையைக் காப்பாற்றவேண்டும் என்றால் முதலில் பெண்களின் தோள்பட்டையைக் காப்பாற்றவேண்டும் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. பாரம்பரிய உணவு பற்றி மைக் பிடிக்கிறவர்களில் எத்தனை பேர் ஒரு படி சாமை குத்தியிருப்பார்கள்?

இந்தக் கூட்டம் கேட்கிற இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 'நம்ம பாட்டிக்கெல்லாம் பிசிஓடி இருந்ததா?' இல்லை என்று யார் சொன்னது? பாட்டியை யார் சோதித்தார்கள்? சிகாகோவில் ஸ்டீன், லெவன்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதியதே 1935-ல்தான். அதற்கு முன்னால் நம்மூரில் இதற்கு வேறு பெயர் இருந்தது. மலடி என்றார்கள். இரண்டாம் தாரம் கட்டிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார்கள். அந்தப் பாட்டிகளின் கதையை யாரும் டப்பாவில் அடைத்து விற்பதில்லை.

சரி, சாமை நல்லதில்லையா? நல்லதுதான். நார்ச்சத்து உண்டு. பட்டை தீட்டாமல் வாங்கினால் இன்னும் நல்லது. ஆனால் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட பட்டியலை எடுத்துப் பாருங்கள். 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். சாமையில் சுமார் 65. கலோரியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. சாமைச் சோறு என்று பெயர் வைத்துக்கொண்டு இரண்டு தட்டு சாப்பிட்டால் இன்சுலின் ஓங்கித்தான் தட்டும். அதை மாவாக அரைத்து, வெல்லம் சேர்த்து, 'மிக்ஸ்' என்று கஞ்சி காய்ச்சிக் குடித்தால் கேட்கவே வேண்டாம். 2023 சர்வதேச சிறுதானிய ஆண்டு. சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அதே 2023-ல்தான். நம் நாட்டில் எல்லாவற்றுக்கும் விழா உண்டு.

அதே வருஷம் இன்னொன்றும் நடந்தது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் தலைமையில் பல நாட்டு நிபுணர்கள் கூடி இந்த நோய்க்கான வழிகாட்டுதலை வெளியிட்டார்கள். அதில் உள்ள ஒரு விஷயத்தை எல்லா மகளிர் மருத்துவமனைச் சுவரிலும் பெரிய எழுத்தில் ஒட்டலாம். இந்த உணவுமுறைதான் மற்றதைவிட உசத்தி என்று சொல்ல ஆதாரம் இல்லை. அந்தப் பெண்ணுக்குப் பிடித்த, அவளுக்குக் கட்டுப்படியாகிற, அவளால் விடாமல் கடைப்பிடிக்க முடிகிற உணவுதான் முக்கியம் என்கிறார்கள். எடையைச் சொல்லி அவமானப்படுத்துவதே சிகிச்சைக்குக் கேடு என்கிறார்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சோதிக்கச் சொல்கிறார்கள். மனச்சோர்வு இருக்கிறதா என்று கேட்கச் சொல்கிறார்கள். நாலு மாதம் தீட்டு நின்ற பெண்ணுக்குக் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும் ஆபத்து உண்டு. மாத்திரை தரலாமா என்று டாக்டர்தான் பார்க்க வேண்டும். கல்யாணம் அதற்கு மருந்து இல்லை.

எவ்வளவு குறைத்தால் போதும் என்றும் கணக்கு இருக்கிறது. எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் சீராக ஆரம்பிக்கிறது. இந்தப் பெண் 68 கிலோ. 5 சதவீதம் என்றால் மூன்று கிலோ நானூறு கிராம். இதைச் சொன்னதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "அவ்வளவுதானாக்கா? நான் இருபது கிலோன்னு நினைச்சு ராத்திரி சாப்பாட்டையே நிறுத்திட்டேன்." ராத்திரி பட்டினி, காலையில் பசி தாங்காமல் பரோட்டா. அந்த மூன்று வார்த்தை செய்த வேலை இது.

அவளோடு உட்கார்ந்து விடுதிச் சாப்பாட்டைத் தாளில் எழுதிப் பார்த்தோம். காலை இட்லி அல்லது பொங்கல். மதியம் மலை மாதிரி சோறு, தண்ணிச் சாம்பார், உருளைக்கிழங்கு. இரவு மறுபடி சோறு அல்லது ரவை உப்புமா. முட்டை வாரத்துக்கு ஒன்று. நாமக்கல்லில்! தினமும் காலையில் பேப்பரில் 'நாமக்கல் முட்டை விலை' என்று தமிழ்நாடே படிக்கிற ஊரில், அந்த ஊர் விடுதியில் ஒரு பெண்ணுக்கு வாரம் ஒரு முட்டை. பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு வரை சத்துணவில் முட்டை கொடுத்த அதே அரசாங்கத்துக்கு, அந்தப் பெண் 19 வயதில் என்ன சாப்பிடுகிறாள் என்று தெரியாது. லீவுக்கு வீட்டுக்கு வந்தாலும், இருக்கிற முட்டை தம்பிக்கு. 'அவன் வளர்ற பையன்.'

சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் சுண்டல், பயறு, கீரை, அவரை, ஒரு முட்டை. மூன்று வேளையும் சாப்பிடுவது. இதற்கு 899 ரூபாய் டப்பா வேண்டாம். ஆனால் சுண்டலை யார் வேகவைத்துத் தருவது? டயட் சார்ட்டை எழுத வேண்டியது அந்தப் பெண்ணுக்கு இல்லை, விடுதிக்கு.

நடைப்பயிற்சிக்கும் இதே கதைதான். வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பு வேர்க்க வேண்டும். விடுதியின் கேட் ஆறு மணிக்கு மூடப்படுகிறது. கல்லூரி விடுவதோ நாலரைக்கு. மைதானத்தில் பையன்கள் கிரிக்கெட். பெண்கள் போய் நடந்தால் கேலரியில் உட்கார்ந்து விசில். அவள் ஆயா தலையில் கிழங்கு மூட்டை சுமந்து மேட்டில் ஏறியவள். பேத்தியைக் கொண்டுபோய் ஒரு அறையில் பூட்டிவிட்டு, 'ஏண்டி வெயிட் போட்டுட்டே' என்று கேட்கிறோம்.

அரசாங்கத்தால் முடியாத காரியமும் இல்லை இது. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023-ல் ரேஷன் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். கொல்லிமலையில் விளைகிற சாமையை நல்ல விலைக்கு வாங்கி, உமி நீக்கி, அதே மலை ரேஷன் கடையிலும் கீழே உள்ள அரசு விடுதிகளிலும் கொடுக்கட்டும். நோயைக் குணப்படுத்த இல்லை. விளைவித்தவளுக்குக் காசாகவும் அவள் பேத்திக்கு நார்ச்சத்தாகவும் போகட்டும் என்றுதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை நோயாளியின் வீட்டு வாசலுக்கே மாத்திரையைக் கொண்டுபோனது. அந்த சர்க்கரை நோய் வருவதற்கு இருபது வருஷம் முன்னாலேயே எச்சரிக்கை மணி அடிக்கிற இந்தப் பெண்களைத் தேடி யார் போவது?

திரும்பும்போது அவள் ஒரு காரியம் செய்தாள். விடுதி கேட்டை ஏழு மணி வரை திறந்துவைக்க வேண்டும், தினம் ஒரு முட்டை வேண்டும், அதற்கான காசை நாங்களே கட்டுகிறோம் என்று வார்டனுக்கு ஒரு மனு. பேருந்து வளைவுகளில் எழுதியதால் கையெழுத்து கோணல் மாணல். பதினோரு பெண்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவர்களில் மூன்று பேருக்கு இதே பிசிஓடி என்பது கையெழுத்து வாங்கப் போனபோதுதான் அவளுக்குத் தெரிந்ததாம்.

'அப்பாக்கள் எல்லாரும் சம்மதம்னு எழுதிக் குடுக்கட்டும், பார்க்கலாம்' என்றாராம் வார்டன். இதை எழுதும்வரை ஏழு அப்பாக்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கேட் ஆறு மணிக்குத்தான் மூடுகிறது.