பெண்ணுக்கு எதற்கு விண்மீன் கணக்கு?



"பத்தாம் வகுப்புக்குப் பின் எந்தப் பிரிவு?" என்று எங்களைக் கேட்பவர்கள், நாங்கள் வாய் திறக்குமுன்பே, "பெண்களுக்குக் கணிதமும் இயற்பியலும் எதற்கு? வானத்தைப் படித்தால் வயிறு நிறையுமா?" என்றும் சொல்லிவிடுகிறார்கள். எங்கள் விடையை வானத்திலிருந்தே தொடங்குகிறோம்.

பல்லாயிரம் கோடி விண்மீன்கள் சேர்ந்தது ஓர் அண்டம். நாம் வாழும் பால்வீதியும் ஓர் அண்டமே. அண்டங்கள் பல ஈர்ப்பு விசையால் கட்டுண்டு நிற்பது அண்டக் கூட்டம். ஏறத்தாழ 24 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ள பெர்சியூஸ் கூட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அண்டங்கள் உள்ளன. அவற்றின் இடைவெளியெங்கும் கோடிக்கணக்கான டிகிரி வெப்பமுள்ள வாயு நிரம்பியிருக்கிறது. அது எக்ஸ் கதிர்களை வீசி வெப்பத்தை இழக்கிறது. அப்படியானால் நடுவிலுள்ள வாயு குளிர்ந்து, ஏராளமான புது விண்மீன்கள் பிறந்திருக்க வேண்டுமே! ஏன் அவ்வளவு பிறக்கவில்லை?

நடு அண்டத்தில் ஒரு பெருங்கருந்துளை இருக்கிறது. உள்ளே சென்ற ஒளியும் அதிலிருந்து மீளாது. ஆனால் அதை நோக்கி விழும் பொருளில் ஒரு பகுதி, உள்ளே போகுமுன்பே பெருவேகத்தில் வெளியே பீறிடுகிறது. அது சுற்றியுள்ள வாயுவில் குமிழிகளை ஊதுகிறது; குளத்தில் கல் எறிந்தாற்போல் அலைகள் பரவுகின்றன. அவை ஒலி அலைகள் என்று 2003-இல் அறிவிக்கப்பட்டது. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே சுமார் 1 கோடி ஆண்டு! இந்த ஆற்றலே வாயுவைக் குளிரவிடாமல் காக்கிறது என்பது அறிஞர் கருத்து. விழுங்கும் பூதம் என்று பெயரெடுத்த கருந்துளை, அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்ளும் வேலையைச் செய்கிறது. பெயரை மட்டும் கேட்டு எதையும் முடிவு செய்யலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதைக் கண்டது விண்வெளியில் சுற்றும் சந்திரா தொலைநோக்கி. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் அதற்கு. 1930-இல், 19 வயதில், இங்கிலாந்து செல்லும் கப்பலிலேயே விண்மீன்களின் முடிவைப் பற்றிக் கணக்கிட்டவர் அவர். 1935-இல் பேரறிஞர் எடிங்டன் அதைச் சபையில் எள்ளினார். அவரோ படிப்பை விடவில்லை. 1983-இல் நோபல் பரிசு பெற்றார்.

1999-இல் அத்தொலைநோக்கியை ஏற்றிச் சென்ற கொலம்பியா விண்கலத்தின் தலைவர் எய்லீன் காலின்ஸ். விண்வெளி ஓடத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் அவரே. நம் பால்வீதியின் நடுவே சூரியனைப்போல் 40 லட்சம் மடங்கு நிறையுள்ள பொருளைக் கண்டறிந்ததற்காக 2020-இல் நோபல் பரிசைப் பகிர்ந்தவர்களுள் ஆண்ட்ரியா கெஸ் என்ற பெண்மணியும் ஒருவர்.

எல்லோரும் வானியல் அறிஞராக முடியாது. குடும்பத்தின் வரவு செலவையும் நாங்கள் அறிவோம். ஆனால் பிரிவைத் தீர்மானிக்க வேண்டியவை ஆர்வமும் உழைப்பும், பெண் என்பதன்று. பெற்றோரே, முடிவு செய்யுமுன் "உனக்கு எது பிடிக்கும்?" என்று ஒருமுறை கேளுங்கள். தோழியரே, அந்தக் கேள்விக்குத் தயங்காமல் விடை சொல்ல, இன்றே கணக்கைப் போட்டுப் பழகுவோம்!